வீட்டுக் கட்டிலும் மருத்துவமனைக் கட்டிலும்

கொடுமுடிக்கு அருகே காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், பின்னிரவு வேளையில் நாம் ஒரு வீட்டிற்கு அழைக்கப்பட்டோம். பக்கவாதத்தால் ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்த மூதாட்டி ஒருவர், அன்று மாலை முதல் கண் திறவாதிருந்தார். உடல் அனலாய்க் கொதித்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வாசலில் உறவினர் கூடிவிட்டனர். மூத்த மகன் நம்மைத் திண்ணையோரமாக அழைத்து, "சாமி, ஈரோட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போறதுங்களா, இல்லீன்னா இப்படியே வெச்சுப் பாத்துக்கறதுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டாச் செரிங்க" என்றார்.

நாம் மருத்துவர் அல்லர். எனினும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னோம். "எண்பதைக் கடந்துவிட்டார், இந்த நேரத்தில் அலைக்கழிக்க வேண்டாம், இறைவன் திருவுளப்படி நடக்கட்டும்" என்றோம். பின்னர் உள்ளே சென்று நோயில் பூசுதல் வழங்கினோம். கூடியிருந்தோர் அழத் தொடங்கினர்.

அப்போது கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்த மருமகள் மெல்லச் சொன்னார்: "சாமி, மூணு நாளா ஒன்னுக்குச் செரியாப் போகுலீங்க. போன வருசமும் இப்படித்தான் ஆச்சுங்க. ஊசி போட்டதும் எந்திரிச்சுட்டாங்க." அதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அவருடைய சொல்லுக்கு இணங்கியே 108 ஊர்தி அழைக்கப்பட்டது. சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்திருந்தது என மருத்துவர்கள் கண்டறிந்தனர். எட்டு நாட்களில் மூதாட்டி வீடு திரும்பினார். அதன்பின் இரண்டாண்டுகள் வாழ்ந்து, கொள்ளுப்பேரனின் திருமுழுக்கையும் கண்டு, அதே கட்டிலில் அமைதியாகக் கண்மூடினார். அந்த இரண்டாண்டுகளை நமது ஒரு வார்த்தை பறித்திருக்கும்.

அன்று நாம் எங்கே தவறினோம்? இறைவன் திருவுளத்திற்குப் பணிவது தவறன்று. ஆனால் முதுமையையும் நோயையும் ஒன்றெனக் கொண்டோம். நமது அறியாமைக்கு இறைவன் திருவுளம் என்று பெயரிட்டோம். இதனினும் பெரிய தவறு, அறிந்தவரை விட்டுவிட்டு அறியாத நாம் தீர்ப்புச் சொன்னது. அந்த இரவிலிருந்து ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. வீட்டில் வைத்துப் பேணப்படும் ஒரு நோயாளியை எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்? எப்போது கொண்டுசெல்லாதிருக்கலாம்? அதை யார், எதைக் கொண்டு முடிவு செய்வது? மருத்துவ அறிவு இதற்கு இன்றியமையாதது. ஆயினும் மருத்துவ அறிவு மட்டும் இதற்குப் போதாது. இது மனச்சான்றின் கேள்வியும் ஆகும்.

வீட்டில் தங்கும் மருத்துவம்

வீட்டில் வைத்து நோயாளியைப் பேணுவது நமக்குப் புதியதன்று. திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து என்பதற்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர். இந்நான்காமவரை மருத்துவத்திற்கு வெளியே நிற்கும் உதவியாளராக வள்ளுவர் கருதவில்லை. அவரும் மருத்துவத்தின் ஒரு கூறே. ஈராயிரம் ஆண்டுகளாக நம் வீடுகளில் இந்த நான்காம் கூறுதான் தாயாக, மனைவியாக, மருமகளாக விழித்திருந்திருக்கிறது.

இன்று அரசும் இதனை உணர்ந்துள்ளது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. படுக்கையில் கிடப்போருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தோருக்கு வயிற்றின் வழியே இரத்தத்தைத் தூய்மை செய்யும் திரவப் பைகளும் வழங்கப்படுகின்றன. அண்டை மாநிலமான கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பியது. ஆற்ற முடியாத நோயையும் பேண முடியும் என்பதை அவர்கள் நமக்குக் காட்டினர்.

எனவே வீடு என்பது 'ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்ட இடம்' அன்று. ஆயினும் வீட்டைப் போற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. எதுவும் செய்ய மனமில்லாதவர்களும் 'வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும்' என்ற சொற்றொடரின் பின்னே ஒளிந்துகொள்ள முடியும். தென்மாவட்டங்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முடித்துவிடும் 'தலைக்கூத்தல்' என்னும் கொடுமை 2010ஆம் ஆண்டளவில் நாடறிந்த செய்தியாயிற்று. அதுவும் வீட்டில்தான் நடந்தது. வீடு தன்னளவில் புனிதமாகிவிடுவதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதே அதைப் புனிதமாக்குகிறது.

ஊருக்காக ஒரு மருத்துவமனை

இனி இதற்கு நேர்மாறான ஒன்று. தொண்டையில் புற்றுநோய் முற்றிய பெரியவர் ஒருவர் நமது பங்கில் இருந்தார். இனி நோயை அகற்ற வழியில்லை என்று மருத்துவர்களே தெளிவாகச் சொல்லி, வலிக்கு மருந்து எழுதிக்கொடுத்து வீட்டிற்கு அனுப்பியிருந்தனர். செவிலியர் வந்து பார்த்துச் சென்றார். பெரியவர் திண்ணையில் சாய்ந்தபடி மஞ்சள் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் நற்கருணை கொண்டுசெல்லும் நாட்களில் சிரித்துக்கொண்டே கைகூப்புவார். "இனி எங்கீங் கொண்டுக்கிட்டுப் போகாதீங்கப்பா" என்று பிள்ளைகளிடம் அவர் சொல்லியிருந்ததை நாமும் கேட்டிருக்கிறோம்.

ஒரு மாலையில் அவருக்கு மூச்சு முட்டியது. வெளியூர்களிலிருந்து மகன்கள் வந்தனர். "இப்படியே உட்டுட்டா ஊரு என்னங்க சொல்லும்?" என்றார் இளையவர். பெருநகர் ஒன்றின் பெரிய மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசென்றனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள். தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கைகள் கட்டப்பட்டிருந்தன. நாளொன்றுக்கு ஒருவர் ஐந்து நிமிடம் பார்க்கலாம். நாம் சென்றபோது அவர் நம்மை அறிந்துகொண்டார். கட்டப்பட்ட கையின் விரல்களை வாசல் பக்கமாக அசைத்தார். அதன் பொருள் நமக்கு விளங்கிற்று. மகன்களிடம் அதைச் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை. பத்தாம் நாள் அவர் இறந்தார். இரண்டு ஏக்கர் நிலம் விற்கப்பட்டது. அம்மருத்துவமனையை நாம் குறை கூறவில்லை. தம்மிடம் கேட்கப்பட்டதை அவர்கள் செய்தனர். கேட்கப்பட்டது தவறு. அந்தப் பயணம் பெரியவருக்காக நடக்கவில்லை, ஊருக்காக நடந்தது.

ஒரு வீட்டில் பேசக் கூடாத இடத்தில் பேசினோம். மற்றொரு வீட்டில் பேச வேண்டிய இடத்தில் வாய் மூடினோம். இரண்டையும் சேர்த்து எண்ணும்போதுதான் 'வீடா, மருத்துவமனையா' என்ற கேள்வியே சரியாக அமையவில்லை என்பது புலப்படுகிறது. இடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் மனிதரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

மரபு காட்டும் வழி

குருமடத்தில் ஒழுக்கவியல் பயின்ற நாட்களில், உயிர் காக்கும் வழிகளைச் 'சாதாரண வழிகள்', 'அசாதாரண வழிகள்' எனப் பிரித்துக் கற்றோம். அந்நாளில் அது ஏட்டறிவாகவே இருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பரில் மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரை இதற்கு அடிப்படையானது. ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றைப் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ கடுஞ்சுமையாக அமையாத வழிகளைக் கையாளவே மனிதர் கடமைப்பட்டிருக்கிறார் என்பது அவ்வுரையின் சாரம். 1980இல் வெளிவந்த கருணைக்கொலை பற்றிய திருச்சபையின் அறிக்கை, மருந்தினால் விளையும் நன்மையையும் அது சுமத்தும் துன்பத்தையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. கொல்லுதல் ஒன்று, வரும் இறப்பைத் தடுக்க முடியாதென ஏற்றுக்கொள்ளுதல் வேறொன்று. முன்னதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. பின்னதைச் சில வேளைகளில் அன்பே வேண்டி நிற்கிறது.

இதற்கு உலகமே பார்த்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2005 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மூச்சுத் திணறலால் உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனைக்கு இருமுறை கொண்டுசெல்லப்பட்டார். இரண்டாம் முறை தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தனர். அவர் மறுக்கவில்லை, அதனால் பயன் இருந்தது. மார்ச் இறுதியில் தொற்று உடலெங்கும் பரவியபோது, தம் இல்லத்திலேயே இருக்க விரும்பினார். மருத்துவர்கள் அங்கேயே அவரைப் பேணினர். ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, சதுக்கத்தில் கூடிய மக்களின் செபத்திற்கு நடுவே அவர் இறந்தார். திருத்தந்தை பிரான்சிசும் 2025 பிப்ரவரி 14 முதல் மார்ச் 23 வரை அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, இல்லம் திரும்பி, ஏப்ரல் 21ஆம் நாள் அங்கேயே மறைந்தார். உலகின் எந்த மருத்துவமும் கிட்டக்கூடிய ஒருவர், ஒரு மாதத்தில் 'கொண்டுசெல்லுங்கள்' என்றும் மறுமாதத்தில் 'வேண்டாம்' என்றும் சொல்ல முடிந்தது. இரண்டிலும் அவர் உயிரை மதித்தார். மாறியது கொள்கையன்று, உடலின் நிலை.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே வாசலில் ஊர்தி நிற்கும் வேளையில் மூன்று கேள்விகளை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது: இங்கே செய்ய முடியாத எது அங்கே செய்யப்படும்? இதற்கு விடை சொல்ல வேண்டியவர் மருத்துவரோ செவிலியரோ ஆவார். திடீரென வாய் கோணினாலும், ஒரு கை விழுந்தாலும், நெஞ்சை அடைத்தாலும், பாம்பு தீண்டினாலும் இக்கேள்விகளுக்கே இடமில்லை. மூளையில் இரத்தக் கட்டினால் வரும் பக்கவாதத்திற்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். கொடுமுடியிலிருந்து வடமேற்கே ஈரோடு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். தென்கிழக்கே கரூர் அதனினும் சற்றுக் குறைவு. திண்ணையில் அமர்ந்து கூடிப் பேசும் ஒரு மணி நேரம் ஒரு மனிதரின் பேச்சையே விலையாகக் கொண்டுபோய்விடும். விவேகம் என்பது தாமதம் அன்று.

இரண்டாவது: நோயாளி எதை விரும்புகிறார்? நம் வீடுகளில் பெரியவரைப் பற்றி அவர் முன்னிலையிலேயே, அவர் இல்லாதவர் போலப் பேசுகிறோம். நோயின் பெயரைக்கூட அவரிடம் மறைக்கிறோம். மறைப்பதை அன்பென்று எண்ணுகிறோம். ஆனால் உண்மையை அறியாதவர் எதை விரும்ப முடியும்? 2018 மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இறுதி நிலையில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நீதித்துறை நடுவர் ஒப்பமிட வேண்டும் என்றிருந்த நடைமுறையை 2023 சனவரியில் எளிதாக்கி, சான்றுறுதி அலுவலரோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும் என்றது. சட்டத்தின் நுணுக்கம் எதுவாயினும், அதன் உள்ளே இருக்கும் அறிவுரை எளியது: பேச்சு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நிலத்தை யாருக்கு எழுதுவது என்று கேட்கத் தெரிந்த நமக்கு, "அப்பா, நாளைக்கு மூச்சு முட்டினால் என்ன செய்யட்டும்?" என்று கேட்கத் தெரியாதா?

மூன்றாவது: சுமையைச் சுமப்பவர் யார்? பன்னிரண்டாம் பத்திநாதர் 'தனக்கோ பிறருக்கோ' என்றார். அந்தப் பிறர் யார் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 'அம்மாவை மருத்துவமனைக்கு அனுப்ப மாட்டோம். வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம்' என்று பெருமையோடு சொல்லும் மகன், எத்தனை முறை அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்? இரவில் எத்தனை முறை துணி மாற்றியிருக்கிறார்? முடிவு ஒருவருடையதாகவும் முதுகுவலி மற்றொருவருடையதாகவும் இருப்பது நீதியன்று. சில வேளைகளில் நோயாளியைச் சில நாட்கள் மருத்துவமனையில் சேர்ப்பது, பேணுபவரையும் காப்பாற்றும் செயலாகிறது. அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாராதிருப்பதற்கே வெட்கப்பட வேண்டும்.

இங்கே பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பலரை அது வாழவைத்திருக்கிறது. ஆனால் கூட இருப்பவர் இழக்கும் நாட்கூலியையும், அவருடைய சாப்பாட்டையும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் பசியையும் எந்தக் காப்பீடும் ஏற்பதில்லை. செல்வருக்குச் சாதாரணமாக இருக்கும் ஒரு வழி கூலித் தொழிலாளிக்கு அசாதாரணமாகிவிடுகிறது. அந்நிலையில் 'எங்களால் முடியவில்லை' என்று சொல்லும் ஏழை மகன் பாவம் செய்யவில்லை. அவனை அப்படிச் சொல்ல விட்டுவிட்டு, அடக்கத்திற்கு மட்டும் திரண்டு வரும் நாம்தான் நம் மனச்சான்றை ஆராய வேண்டும்.

கூடச் செல்வது

2021ஆம் ஆண்டின் கோடையை நம் பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். கொரோனாவின் இரண்டாம் அலையில், மே மாத இறுதியில், கோவை மாவட்டத்தின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையையும் விஞ்சியது. வீட்டில் தனித்திருந்தோர் விரலில் ஒரு சிறு கருவியை மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 94க்குக் கீழே போனால் மருத்துவமனை. அந்த ஓர் எண், வீட்டிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் கேள்வியைத் தெளிவாக்கிவிட்டது போலத் தோன்றிற்று. ஆயினும் பலர் எண்ணை மறைத்தனர். சிகிச்சையை அவர்கள் அஞ்சவில்லை, தனிமையை அஞ்சினர். போனவரோடு யாரும் போக முடியவில்லை. சிலருடைய முகத்தைக் குடும்பத்தார் மீண்டும் காணவேயில்லை. நோயாளி அஞ்சுவது இடமாற்றத்தை அன்று, கைவிடப்படுதலை என்பதை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

நல்ல சமாரியரின் உவமையை நாம் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம்! அதில் ஒரு நுணுக்கத்தை மேற்சொன்ன நிகழ்ச்சிகளுக்குப் பிறகே கண்டோம். அவர் அடிபட்டவரை உடனே தூக்கிச் செல்லவில்லை. முதலில் கிடந்த இடத்திலேயே காயங்களைக் கட்டினார். அதன்பின்னரே தம் விலங்கின்மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுசென்றார். அன்றிரவு அங்கே தாமும் தங்கினார். மறுநாள் பணம் கொடுத்துச் சாவடிக்காரரிடம் ஒப்படைத்தார். திரும்பி வருவதாகவும் சொன்னார். இருந்த இடத்தில் பேணுதல், தேவையானபோது கொண்டுசெல்லுதல், கூடத் தங்குதல், செலவை ஏற்றல், திரும்பி வருதல்: இவை ஐந்தும் சேர்ந்தே இரக்கம். நாமோ பலவேளைகளில் கொண்டுசெல்வதோடு நிறுத்திவிடுகிறோம். அல்லது கொண்டுசெல்லாததையே இரக்கமென எண்ணிக்கொள்கிறோம்.

நோயில் பூசுதலைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே, இதனை 'இறுதிப் பூசுதல்' என்பதைவிட 'நோயில் பூசுதல்' என்பதே பொருத்தம் என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் சடங்கு முறையைப் புதுப்பித்தார். இருந்தும் குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால் 'எல்லாம் முடிந்தது' என்றே நம் மக்கள் எண்ணுகின்றனர். அந்த மூதாட்டியின் வீட்டில் நமது வருகையே ஒரு தீர்ப்பாகிவிட்டது. குணமடையவும் நாம் செபிக்கிறோம் என்பதை எண்ணெய் பூசும்போதே தெளிவாகச் சொல்ல இப்போது கற்றிருக்கிறோம். ஊர்தி வருவதற்குள் பூசலாம். ஊர்திக்குப் பதிலாகப் பூசலாகாது.

இறுதியாக, தம்மையே நொந்துகொள்பவர்களுக்கு. 'கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரே' என்று அழுபவரும் நம்மிடம் வருகின்றனர். 'கொண்டுபோய் அங்கே தனியாகச் சாகவிட்டோமே' என்று அழுபவரும் வருகின்றனர். இருவருக்கும் நாம் சொல்வது ஒன்றே. அந்த இரவில் அறிய முடிந்ததை அறிந்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, நோயாளியின் நன்மையை நாடி முடிவெடுத்திருந்தால், முடிவு எப்படி அமைந்தாலும் அது உங்கள் குற்றமன்று. மறுநாள் காலையின் அறிவைக் கொண்டு முந்தைய இரவின் அன்பைத் தண்டிக்காதீர்கள். கேளாமல் முடிவெடுத்திருந்தால், வருந்துங்கள். அடுத்த வீட்டில் கேளுங்கள். நாமும் அப்படித்தான் செய்து வருகிறோம்.

இன்றும் இரவில் அழைப்பு வருகிறது. திண்ணையில் மகன்கள் காத்திருக்கின்றனர். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்ற அதே வேண்டுகோள். நாம் அவர்களைக் கடந்து உள்ளே செல்கிறோம். கட்டிலில் இருப்பவரின் கையைப் பிடித்து அவர் பெயரைச் சொல்லி அழைக்கிறோம். பிறகு தலைமாட்டில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, எப்ப இருந்து இப்படி இருக்குது?" என்று கேட்கிறோம்.